முளைகட்டும் பாத்திரம் வாங்கும் முன்: எந்த விதை, எந்த முறை, யாருக்கு?

வீட்டில் முளைகட்டத் தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தப் பாத்திரம் வாங்கலாம் என்பதுதான். கண்ணாடி ஜாடியா, அடுக்கு டப்பாவா, துணிப்பையா, தானாகத் தண்ணீர் தெளிக்கும் மெஷினா என்று தேடித் தேடி ஏதோ ஒன்றை வாங்குகிறார்கள். கையில் இருக்கும் பயற்றை அதில் போடுகிறார்கள். மூன்றாம் நாள் வாடை வந்ததும் பாத்திரம் பரணுக்குப் போய்விடுகிறது.

பாத்திரம் கடைசியில் முடிவு செய்ய வேண்டிய விஷயம். முளையைப் பச்சையாகச் சாப்பிடப் போகிறீர்களா, வேகவைத்தா என்பது முதல் கேள்வி. எந்த விதை என்பது அதிலிருந்து வரும். ஒரு நாளில் எத்தனை தடவை உங்களால் அலச முடியும் என்பது அடுத்த கேள்வி. இவற்றுக்குப் பதில் தெரிந்துவிட்டால் பாத்திரத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியிருக்காது. பலருக்குச் சமையலறையில் ஏற்கெனவே இருப்பதே போதும்.

பச்சையாகவா, வேகவைத்தா?

இந்தக் கேள்வியை நிறைய பேர் கேட்டுக்கொள்வதே இல்லை. முளை என்றாலே பச்சையாகத்தான் சாப்பிட வேண்டும், வேகவைத்தால் சத்தெல்லாம் போய்விடும் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. ஆனால் கிருமி பெருகுவதற்கு இவ்வளவு தோதான சூழல் சமையலறையில் வேறு எங்கும் எளிதில் அமையாது. ஈரம் இருக்கிறது, மிதமான சூடு இருக்கிறது, ஊறிய விதையிலிருந்து கசியும் சர்க்கரை இருக்கிறது, இரண்டு மூன்று நாள் அவகாசமும் இருக்கிறது. விதை முளைக்க என்னவெல்லாம் வேண்டுமோ அதெல்லாம் சால்மொனெல்லாவுக்கும் ஈ.கோலைக்கும் வேண்டும். விதைத்தோலின் விரிசலில் ஒட்டியிருக்கும் சொற்பக் கிருமிகள்கூட, முளை தயாராகும் நேரத்தில் கிராமுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டிப் பெருகிவிடக்கூடும். முளையைப் பார்த்தோ முகர்ந்தோ அதைக் கண்டுபிடிக்க முடியாது.

2011-இல் ஜெர்மனியில் ஈ.கோலை ஓ104 என்ற வகை பரவியபோது 3,800-க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முதலில் வெள்ளரிக்காய் மீதுதான் சந்தேகம் விழுந்தது. கடைசியில் விசாரணை போய் நின்ற இடம், எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையில் வளர்த்த முளைகள். 1996-இல் ஜப்பானின் சகாய் நகரத்தில் ஆயிரக்கணக்கான பள்ளிக் குழந்தைகள் ஒரே நேரத்தில் நோயுற்றபோதும், பெரிதும் சந்தேகிக்கப்பட்டது மதிய உணவில் சேர்த்த முள்ளங்கி முளைதான்.

"அதெல்லாம் பண்ணையில் வளர்த்தது, நாம் வீட்டில் சுத்தமாகத்தானே செய்கிறோம்" என்று தோன்றும். அதே 2011-இல் பிரான்சின் போர்தோ நகருக்கு அருகே ஒரு கூடுகையில் பரிமாறிய முளைகளாலும் அதே கிருமி பரவியது. அந்த முளைகள் பண்ணையிலிருந்து வரவில்லை. கடையில் விதை வாங்கி, உள்ளூரிலேயே சிறிய அளவில் வளர்த்தவை. கிருமி விதையோடு சேர்ந்தே வந்திருந்தால் நம் கையும் பாத்திரமும் எவ்வளவு சுத்தமாக இருந்தும் முழுப் பாதுகாப்பு கிடைக்காது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், பச்சை முளையை ஆரோக்கியத்தின் அடையாளமாக நினைத்துப் பலவீனமானவர்களுக்கே முதலில் ஊட்டுகிறோம் என்பதுதான். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், புற்றுநோய் சிகிச்சையிலோ உறுப்பு மாற்றத்துக்குப் பிறகோ எதிர்ப்பாற்றல் குறைந்திருப்பவர்கள் பச்சை முளையைத் தொடவே கூடாது. இதில் நான் எந்த விட்டுக்கொடுப்பும் செய்ய மாட்டேன்.

வேகவைப்பது என்றால் வெந்நீரில் ஒரு முக்கு முக்கி எடுப்பது போதாது. உள்வரை சூடேறி ஆவி பறக்க வேண்டும். ஆவியில் ஐந்தாறு நிமிடம் வைத்தாலோ வாணலியில் நன்றாகப் பிரட்டி எடுத்தாலோ மெல்லிய முளைகள் மொறுமொறுப்பை முழுக்க இழக்காமல் வெந்துவிடும். வைட்டமின் சி கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் பயறு வகைகளில் செரிமானத்துக்கு இடைஞ்சல் செய்யும் பொருள்களும் வேகும்போது குறைகின்றன. பச்சையாகத் தின்று வயிறு உப்பியவர்களுக்கு வேகவைத்த முளை ஒத்துப்போவது அதனால்தான்.

ஆரோக்கியமாக இருப்பவர், தெரிந்தே பச்சையாகச் சாப்பிட விரும்புகிறார் என்றால், விதையைச் சூடாக்கிக் கழுவும் ஒரு வழி இருக்கிறது. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலை 60 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, விதையை அதில் 5 நிமிடம் வைத்து, பிறகு ஓடும் தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். மேலே மிதக்கும் தோல், குப்பை, உடைந்த விதை எல்லாவற்றையும் அள்ளி எறிய வேண்டும். உடைந்த விதையில்தான் கிருமி அதிகம் தங்கும். சூட்டைக் கைக்கணக்கில் பார்க்க முடியாது, வெப்பமானி வேண்டும். இவ்வளவு செய்தாலும் ஆபத்து குறையுமே தவிர மறைந்துவிடாது. உப்புத் தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் இந்த வேலையைச் செய்யும் என்று நம்ப வேண்டாம்.

சத்து விஷயத்தில் எதை எதிர்பார்க்கலாம்?

முளைகட்டினால் புரதம் பல மடங்கு கூடும் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். புரதத்துக்குத் தேவையான நைட்ரஜன் வெறும் தண்ணீரிலிருந்து வந்துவிடாது. விதையில் இருந்ததுதான் முளையிலும் இருக்கும். காய்ந்த பச்சைப்பயற்றில் 100 கிராமுக்குச் சுமார் 24 கிராம் புரதம். அதையே நீளமான வெள்ளை முளையாக வளர்த்தால் 100 கிராமில் சுமார் 3 கிராம்தான், ஏனென்றால் அந்த முளையில் 90 சதவீதம் தண்ணீர். அரை அங்குல வால் விட்ட முளையில் தண்ணீர் அவ்வளவு ஏறியிருக்காது, அதனால் புரதம் இதைவிட அடர்த்தியாக இருக்கும். புரதம்தான் நோக்கம் என்றால் குட்டை முளை போதும். எடை குறைய வேண்டும், வயிறு நிரம்ப வேண்டும், ஆனால் கலோரி ஏறக்கூடாது என்பவர்களுக்கு நீள முளை.

முளைகட்டுவதால் நிஜமாகவே மாறுபவை வேறு. காய்ந்த விதையில் அநேகமாக இல்லாத வைட்டமின் சி, முளைக்கும்போது புதிதாக உருவாகிறது. முதல் உலகப் போரில், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் கண்ட செர்பியப் படைவீரர்களுக்கு முளைகட்டிய பயற்றைக் கொடுத்துக் குணப்படுத்தியதைப் பற்றி 1918-லேயே ஒரு மருத்துவக் குறிப்பு வெளிவந்தது. இரும்பு, துத்தநாகம் போன்றவற்றை உடல் ஈர்க்கவிடாமல் பிடித்துவைக்கும் ஃபைட்டிக் அமிலம் குறைகிறது. வாயுவை உண்டாக்கும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளை முளை தன் வளர்ச்சிக்கே செலவழித்துவிடுகிறது. பயறு சாப்பிட்டால் வயிறு பொருமும் ஆட்களுக்கு இது பெரிய நிம்மதி.

பிராக்கோலி முளைக்கு மட்டும் தனிக் கதை உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் தலலே தலைமையிலான குழு 1997-இல் வெளியிட்ட ஆய்வு, மூன்று நாள் வயதான பிராக்கோலி முளையில் குளுக்கோராஃபனின் என்ற பொருள் வளர்ந்த பிராக்கோலியைவிட 10 முதல் 100 மடங்கு வரை இருப்பதாகச் சொன்னது. மெல்லும்போது இதிலிருந்துதான், புற்றுநோயைத் தடுக்க உதவுமா என்று ஆராயப்படும் சல்ஃபோராஃபேன் என்ற பொருள் பிறக்கிறது. அதற்குத் தேவையான நொதி நெடுநேரம் வேகவைத்தால் அழிந்துவிடும். ஆக, பச்சையாகச் சாப்பிடுவதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கும் முளைகளில் இது முதலாவது. மேலே சொன்ன ஆபத்து இதற்கும் பொருந்தும் என்பதையும் மறக்கக் கூடாது.

விதைகளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதல்முறை செய்பவர்களுக்குப் பச்சைப்பயற்றை விட்டால் வேறு பேச்சு இல்லை. எட்டு மணி நேரம் ஊறினால் போதும், அடுத்த நாளே வெள்ளை மூக்கு எட்டிப்பார்க்கும், இரண்டாம் நாள் சமைக்கலாம். அலசுவதில் ஒருவேளை தவறிப்போனாலும் பொறுத்துக்கொள்ளும். தோல் நீக்காத முழு மைசூர் பருப்பு இதற்கு அடுத்த இடம். அது இன்னும் சீக்கிரம் வெந்துவிடும், சுவையில் லேசான காரம் இருக்கும். உடைத்த பருப்பு எதுவானாலும் முளைக்காது. உடைக்கும்போதே முளைக்கரு சிதைந்துவிடுகிறது.

கொண்டைக்கடலையும் கொள்ளும் இரண்டாம் கட்டத்துக்கு உரியவை. கொண்டைக்கடலை பருமனானது, 12 மணி நேரம் வரை ஊற வேண்டும். அதற்காக ஒரு நாள் முழுக்கத் தண்ணீரிலேயே விட்டுவிட்டால் காற்றில்லாமல் மூச்சுத் திணறி, நுரைத்து, புளிக்கத் தொடங்கும். முளைத்த பிறகும் பச்சையாக மெல்லக் கடினம், பச்சை வாடையும் அடிக்கும். வேகவைப்பவர்களுக்கு மட்டும் இதைப் பரிந்துரைப்பேன். கொள்ளு அருமையாக முளைக்கும். ஆனால் அதில் ஊறவே ஊறாத கல்பயறு நிறைய வரும். ஊறவைத்த மறுநாள் பார்த்தால் மற்றதெல்லாம் உப்பிப் பளபளவென்று இருக்க, அவை மட்டும் போட்டபோது இருந்த அதே சிறுத்த அளவில் அடியில் கிடக்கும். பொறுக்கி எடுத்துவிடுங்கள். மென்றுவிட்டால் பல்லுக்கு ஆபத்து.

வெந்தயம் முளைக்கும்போது கசப்பு குறைந்து ஒரு தனி மணம் வரும். ஆனால் நாள் கூடக் கூடக் கசப்பு திரும்பும் என்பதால், வால் சிறியதாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

முள்ளங்கி, பிராக்கோலி, அல்ஃபால்ஃபா என்று சொல்லும் குதிரைமசால் ஆகியவை சிறுவிதை வகை. ஐந்தாறு நாள் ஆகும், இரண்டு குட்டி இலை விரிந்த பிறகு சாப்பிடுவார்கள். ஒரு மேசைக்கரண்டி விதை பெரிய கிண்ணம் நிறைய முளையாகும். முள்ளங்கி சுறுசுறுவென்று காரம், குதிரைமசால் சாதுவான சுவை. குதிரைமசால் முளையில் கனவனின் என்ற பொருள் இருப்பதால் லூபஸ் என்ற எதிர்ப்பாற்றல் கோளாறு உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். இந்த வகை விதைகளைப் பச்சையாகச் சாப்பிடவே வளர்க்கிறோம் என்பதால், விதைப்புக்கு என்று விற்கும் பாக்கெட்டை எடுக்கவே கூடாது. பூஞ்சைக்கொல்லி பூசிய விதையாக இருக்கலாம். பல நேரம் இளஞ்சிவப்பு, நீலம் என்று சாயம் பூசியிருப்பார்கள், சில நேரம் நிறத்தில் எதுவும் தெரியாது. உண்பதற்காக, முளைகட்டுவதற்காக என்று எழுதியிருக்கும் விதை மட்டுமே வாங்குங்கள்.

சியா, ஆளிவிதை, சில கடுகு வகைகள் தண்ணீர் பட்டதும் வழவழவென்று கூழ் சுற்றிக்கொள்ளும். இவற்றை ஜாடியில் போட்டால் ஒரே பாளமாக ஒட்டிக்கொண்டு அழுகும். இவற்றுக்கு ஊறவைக்கும் வேலையே கிடையாது. ஈரத் தாளின் மீது தூவி, நீர் தெளித்து வளர்க்க வேண்டும்.

சில விதைகளை எந்த முறையிலும் பச்சை முளையாக்கிச் சாப்பிடக் கூடாது. ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்ற நச்சுப் புரதம் முளைகட்டினாலும் போதிய அளவு குறையாது. அதன் விதைகளில் சிலவற்றைப் பச்சையாகத் தின்றாலே கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு வேகவைத்தால்தான் அது உணவு. வெள்ளைச் சோளம், செஞ்சோளம் இவற்றின் இளம் முளையில் சயனைடை வெளிவிடும் பொருள் உண்டு. தக்காளி, கத்தரி விதைகளையும் முளைகட்டித் தின்ன நினைக்க வேண்டாம், அந்தக் குடும்பத்து நாற்றுகளில் நச்சு இருக்கிறது. கம்பு, கோதுமை, கேழ்வரகு போன்ற தானியங்கள் முளைத்ததும் காயவைத்து அரைக்கத்தான் ஏற்றவை. அது தனி வேலை, இங்கே அதற்குள் போகவில்லை.

துணி, ஜாடி, வடிதட்டு, டப்பா, மெஷின்

எல்லா முறைகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: தண்ணீர் பட வேண்டும், உடனே முழுக்க வடிந்துவிட வேண்டும், பிறகு காற்று புக வேண்டும். முளை கெடுவது தண்ணீர் போதாமல் என்பதைவிட, தேங்கிய தண்ணீரால்தான் அதிகம். இன்னொன்றையும் கவனியுங்கள். முளைவிடும் பயற்றுக் குவியலின் நடுவே விரலை விட்டுப் பார்த்தால் இளஞ்சூடாக இருக்கும். விதைகள் மூச்சுவிடுவதால் உண்டாகும் சூடு அது. குவியல் தடிமனாக இருந்தால் அந்தச் சூடு உள்ளேயே அடைபட்டுப் பயற்றைப் புளிக்கவைக்கும். அலசுவது ஈரத்துக்காக மட்டும் செய்கிற வேலை என்று நினைத்துத் தண்ணீரை லேசாகத் தெளித்துவிட்டுப் போகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். சூட்டை இறக்கவும், கசிந்த சர்க்கரையைக் கழுவி அகற்றவும்தான் முக்கியமாக அலசுகிறோம்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் பாத்திரங்களின் தரம் வேறு மாதிரி தெரியும்.

துணிமுடிச்சு எளிமையில் ஈடு இணையில்லாதது. ஊறிய பயற்றைப் பருத்தித் துணியில் கட்டித் தொங்கவிட்டால் நீர் தானாக வடியும், காற்றும் புகும், உள்ளே இருட்டாகவும் இருக்கும். குட்டை வால் விட்ட பச்சைப்பயறு, கொள்ளு, நரிப்பயறு இவற்றுக்கு நன்றாகவே பொருந்தும். குறை எங்கே என்றால், முடிச்சை அவிழ்த்து அலசி மறுபடி கட்ட யாருக்கும் மனசு வருவதில்லை. இரண்டு நாளுக்கு மேல் விட்டால் வேர் துணியின் இழைகளுக்குள் புகுந்துகொள்ளும், பிடுங்கும்போது முளை ஒடியும். அந்த ஒடிந்த துணுக்குகள் துணியிலேயே தங்கி அடுத்த முறைக்குப் பூஞ்சையைக் கொண்டுவரும். ஒவ்வொரு முறையும் துணியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து வெயிலில் காயவைப்பவராக இருந்தால் மட்டும் இதைத் தொடருங்கள்.

கண்ணாடி ஜாடி பார்க்க அழகு. உள்ளே நடப்பது அத்தனையும் கண்ணுக்குத் தெரியும், வாயில் வலையைக் கட்டிவிட்டால் அலசுவதும் சுலபம். முள்ளங்கி, பிராக்கோலி, குதிரைமசால் போன்ற பொடிவிதைகளுக்கு ஜாடிதான் சரி. மற்ற பாத்திரங்களில் துளை வழியே ஓடிவிடும். ஒரு லிட்டர் ஜாடிக்கு இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் போட வேண்டாம். ஆனால் பயற்றுக்கு ஜாடியை நான் பரிந்துரைக்க மாட்டேன். நேராகக் கவிழ்த்து வைத்தால் முளையெல்லாம் வலையை வந்து அடைத்துக்கொள்ளும், காற்று நின்றுவிடும். படுக்கவைத்தால் ஜாடியின் தோள்பகுதி வளைவில் ஒரு கரண்டி தண்ணீர் தங்கிவிடும். சாய்வாக, ஏறத்தாழ 45 டிகிரியில், வாய் கீழ்நோக்கி நிற்கும்படி ஒரு கிண்ணத்தில் சாய்த்து வைப்பதுதான் ஒரே வழி. அலசிய பிறகு ஜாடியைச் சுழற்றி முளைகளைச் சுவரெங்கும் பரப்பிவிட வேண்டும். கால் மணி நேரம் கழித்துக் கிண்ணத்தில் சொட்டு விழுவது நின்றிருக்கிறதா என்று பாருங்கள். வாயை இறுக்கமான மூடியால் மூடுவது மட்டும் கூடவே கூடாது.

பயற்றுக்கு என் தேர்வு சாதாரண வடிதட்டு. அரிசி களைந்து வடிப்பதற்கு வைத்திருக்கும் துளைப்பாத்திரமே போதும், துளை மட்டும் விதையைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். ஊறிய பயற்றை அதில் இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, அடியில் ஒரு கிண்ணம் வைத்து, மேலே ஈரத்துணியோ தட்டோ போட்டு மூடினால் முடிந்தது. குழாயடியில் அப்படியே காட்டினால் ஒரு நிமிடத்தில் அலசல் முடியும், இரண்டு உலுக்கு உலுக்கினால் தண்ணீர் இறங்கிவிடும். கையை விட்டுப் புரட்டலாம். துருப்பிடிக்காத எஃகு என்றால் கொதிநீர் ஊற்றிச் சுத்தம் செய்யலாம். இடுக்கு, மடிப்பு, குழாய் எதுவும் இல்லை. காய்ந்த காற்று வீசும் நாள்களில் மேல் அடுக்கு உலர்ந்துபோவது ஒன்றுதான் இதன் குறை. மூடும் துணியை நனைத்துக்கொண்டே இருந்தால் அதுவும் சரியாகும்.

அடுக்கு டப்பாக்கள் தினமும் முளை சாப்பிடும் குடும்பங்களுக்கு உண்மையாகவே உதவும். ஒரு தட்டில் இன்று, அடுத்ததில் நாளை மறுநாள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரிசை வைத்துக்கொள்ளலாம். மேல்தட்டில் ஊற்றும் தண்ணீர் ஒவ்வொரு தட்டாக இறங்கி அடித்தட்டில் சேரும். வசதி என்று விளம்பரம் செய்யும் இந்த அமைப்பில்தான் பிரச்சினையும் இருக்கிறது. மேலே ஒரு தட்டு கெட்டால் அதைக் கழுவிய தண்ணீர்தான் கீழ்த்தட்டுகளுக்கும் போகிறது. தட்டுகளைத் தனித்தனியாகக் குழாயில் அலசி, அடித்தட்டு நீரை ஒவ்வொரு முறையும் கொட்டிவிட்டால் இந்த டப்பா நல்ல சாதனம். அப்படிச் செய்யாமல் மேலே ஊற்றிவிட்டு நகர்ந்தால், வடிதட்டைவிட மோசம்.

தானியங்கி மெஷின், பகல் முழுக்க வெளியே இருந்துவிட்டு நடுவே அலச ஆளில்லாத வீட்டுக்கானது. பெரும்பாலான மெஷின்கள் அடியிலுள்ள தொட்டித் தண்ணீரையே திரும்பத் திரும்ப மேலே தெளிக்கின்றன. முளையைக் கழுவிய தண்ணீர் மறுபடி முளை மீதே விழுகிறது. அதனால் தொட்டி நீரைக் காலையும் மாலையும் மாற்றத்தான் வேண்டும். காலையும் மாலையும் குழாயடிக்குப் போகப் போகிறீர்கள் என்றால், அதே நேரத்தில் வடிதட்டை அலசிவிடலாமே. குழாயும் பம்பும் உள்ளே வழுவழுப்பு பிடித்தால் தேய்த்துக் கழுவ வழியும் கிடையாது. மெஷினுக்கு நான் ஆதரவாளன் இல்லை.

மண்பாத்திரம் குளிர்ச்சியாக வைத்திருக்கும், ஆனால் அதன் நுண்துளைகளைக் கிருமி நீங்கச் சுத்தம் செய்வது கஷ்டம். அடிக்கடி வெயிலில் நன்றாகக் காயவைக்க முடிந்தால் வைத்துக்கொள்ளலாம்.

கடையில் பார்க்கும் அந்தக் குண்டான, நீண்ட வெள்ளை முளை வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு விஷயம். அது வெறுமனே கூடுதல் நாள் விடுவதால் வருவதில்லை. முழு இருட்டில், மேலே எடை வைத்து அழுத்தி வளர்க்க வேண்டும். அழுத்தம் பட்ட முளையில் எத்திலீன் வாயு உண்டாகி, தண்டை உயரமாக ஓடவிடாமல் தடிக்கவைக்கிறது. வடிதட்டில் பயற்றின் மேல் ஈரத்துணி போட்டு, அதன் மேல் ஒரு தட்டும் அரைக் கிலோ எடையும் வைத்தால் வீட்டிலேயே வரும். நான்கைந்து நாள் ஆகும், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை அலச வேண்டும். வெளிச்சம் பட்டால் பச்சை ஏறிக் கொஞ்சம் கசக்கும். உழைப்பு கூடுதல், சமையலில் அந்த மொறுமொறுப்பு வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் பொருத்தம்.

முளையா, மைக்ரோகிரீன்ஸா?

பச்சையாகச் சாப்பிடத்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்களை நான் இந்தப் பக்கம் திருப்பப் பார்ப்பேன். மைக்ரோகிரீன்ஸ் என்பது அதே விதைகளை மண்ணிலோ தென்னைநார்த் தூளிலோ விதைத்து, வெளிச்சத்தில் ஒன்று இரண்டு வாரம் வளர்த்து, தண்டோடு இலையை மட்டும் கத்தரித்து எடுப்பது. விதைத்தோலும் வேரும் அடியிலேயே நின்றுவிடுகின்றன. முளையைப் போல மூடிய ஈரத்தில் இல்லாமல் காற்றோட்டத்தில் வளர்கிறது. அதனால் கிருமி ஆபத்து முளையைவிடக் குறைவு என்று கருதப்படுகிறது. அதற்காகக் கழுவாமல் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. தினம் நான்கு தடவை அலச வேண்டாம், ஒரு தடவை அடியில் தண்ணீர் ஊற்றினால் போதும். பதிலுக்கு ஜன்னல் வெளிச்சமும் இடமும் பொறுமையும் வேண்டும். முள்ளங்கி, பிராக்கோலி, கடுகு, சூரியகாந்தி, பட்டாணி எல்லாம் அழகாக வரும்.

எல்லோரையும் குழப்பும் ஒரு காட்சி உண்டு. முள்ளங்கி, பிராக்கோலி, கடுகு விதைகள் மூன்றாம் நாள் காலையில் வேரைச் சுற்றி வெள்ளை வெல்வெட் போல நுண்ணிய பஞ்சு கட்டியிருக்கும். பூஞ்சை பிடித்துவிட்டது என்று பதறிக் கொட்டிவிடுவார்கள். அவை வேர்த்தூவிகள். வேரின் இருபுறமும் சீராக, நேராக நீட்டிக்கொண்டு நிற்கும். அலசியவுடன் ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் போகும், இரண்டு மணி நேரத்தில் திரும்பவும் எழும். உண்மையான பூஞ்சை சிலந்தி வலை போலத் தாறுமாறாக ஒரு விதையிலிருந்து இன்னொரு விதைக்குத் தாவும். பெரும்பாலும் முளைக்காமல் செத்துப்போன விதையில்தான் தொடங்கும். சாம்பல், கருப்பு நிறம் கலந்திருக்கும், மக்கிய வாடை வரும், அலசினாலும் போகாது.

யாருக்கு எது?

வேலைக்குப் போய்விட்டு மாலையில் திரும்புபவர், வேகவைத்துச் சாப்பிடுபவர் என்றால் பச்சைப்பயறும் வடிதட்டும். இரவில் ஊறவைத்து, காலையில் வடித்து, மாலையும் மறுநாள் காலையும் அலசினால் இரண்டாம் நாள் மாலை சமைத்துவிடலாம். நேரம் அதிகம் இல்லாதவருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும் நாள்களில் மட்டும் அலசல் இரண்டு போதாது. பகலில் வீட்டில் யாரும் இல்லையென்றால் வால் எட்டிப்பார்த்ததுமே முளையை ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள்.

நான்கு பேர் தினமும் சாப்பிடும் வீடு என்றால் அடுக்கு டப்பா வாங்கலாம், தட்டுகளைத் தனித்தனியாக அலசும் பழக்கத்தோடு. பிராக்கோலிதான் குறி, எல்லோரும் நல்ல ஆரோக்கியம் என்றால் ஜாடியும் முளைகட்டுவதற்கென்றே விற்கும் விதையும். கர்ப்பிணியோ குழந்தையோ முதியவரோ இருக்கும் வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக வேகவைத்து விடுவதுதான் நல்லது. ஒருவருக்குப் பச்சை, ஒருவருக்கு வெந்தது என்று பிரித்து வைத்தால் என்றாவது ஒருநாள் கிண்ணம் மாறிவிடும்.

எந்த முறையானாலும், கடைசி அலசலுக்குப் பிறகு சில மணி நேரம் நன்றாக வடியவிட்டு, மேல்ஈரம் உலர்ந்த பிறகே ஃப்ரிட்ஜில் வையுங்கள். டப்பாவின் அடியில் ஒரு காகிதத் துண்டு விரித்தால் மிச்ச ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். 5 டிகிரிக்குக் கீழே மூன்று நான்கு நாள் தாங்கும். அதற்குள் வழுவழுப்போ புளித்த வாடையோ வந்துவிட்டால் மறுபடி அலசிக் காப்பாற்றப் பார்க்காமல் கொட்டிவிட்டு, பாத்திரத்தைக் கொதிநீரில் கழுவிக் காயவைத்த பிறகே அடுத்த விதையை ஊறவையுங்கள்.